முப்பத்தொன்பது ஞாயிறு

ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் மற்றவர்கள் வீட்டாரின் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் நாற்காலியைப் பார்ப்பார். உட்காரச் சொன்னால் உடனே உட்கார்ந்துவிட மாட்டார். உள்ளங்கையை விரித்து இருக்கையின் நடுவில் ஓர் அழுத்து, பிறகு நான்கு மூலைகளிலும் ஒவ்வோர் அழுத்து. எந்த ஸ்பிரிங் சோர்ந்திருக்கிறது, அடியில் கட்டிய எந்த நாடா தொய்ந்திருக்கிறது, வீட்டில் யார் எந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்பதெல்லாம் அந்த ஐந்து அழுத்தில் அவருக்குத் தெரிந்துவிடும். ஒரு வீட்டில் அப்படி அழுத்திப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுக்காரர் இடது பக்கமாச் சாஞ்சு தூங்குவாரோ?" என்று கேட்டார். அந்த அம்மாள் திகைத்துப் போனாள். "நான் சொல்லலைங்க, சோபா சொல்லுது" என்றார்.

குஷன் தைப்பதை அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. மேசை நாற்காலி விற்கும் கடை ஒன்றில் சாமான் இறக்கும் வேலைக்குச் சேர்ந்தவர், உடைந்து திரும்பி வந்த சோபாக்களைச் சாப்பாட்டு நேரத்தில் பிரித்துப் பார்த்தார். எத்தனை ஆணி, எத்தனை விரற்கடை இடைவெளி, துணியை எந்தப் பக்கம் முதலில் இழுத்திருக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். மூன்று வருடத்தில் பிரித்ததைவிட நன்றாக மூட்டத் தெரிந்தது. ஐந்தாம் வருடம் சொந்தமாக ஒரு பட்டறை போட்டார். வாயில் இருபது ஆணியை அடக்கிக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாகத் தள்ளி, காந்தச் சுத்தியலில் ஒட்டவைத்து அடிப்பார். அந்த நேரத்தில் யாராவது கேள்வி கேட்டால் புருவத்தால் பதில் வரும்.

அவருக்குக் காலங்குலம் என்ற பட்டப்பெயரை வைத்தவர் ஃபோம் கடைக்காரர். ஒரு பூப்போட்ட சோபாவில், இருக்கையில் இருக்கும் பூவின் காம்பும் சாய்மானத்தில் இருக்கும் பூவும் கால் அங்குலம் விலகியிருந்தன என்று முழுத் துணியையும் பிரித்துவிட்டார் இவர். மறுநாள் காலை ஃபோம் கொண்டுவந்தவருக்கு அதைப் பார்த்துப் பொறுக்கவில்லை.

"யோவ், அந்தக் கால் அங்குலத்தை யாருய்யா பாக்கப் போறா? உக்காந்தா மறைஞ்சிடும்."

"எந்திரிச்சா தெரியுமே."

அன்று தொடங்கிக் காலங்குலம்தான். அவருடைய கடைப் பலகையில் என்ன பெயர் எழுதியிருந்தது என்று கேட்டால் யாருக்கும் நினைவில்லை.

கல்யாணமும் ஆயிற்று, ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள். இருவருமே ஊசி பிடிப்பவர்கள், பொருத்தம் பிரமாதம் என்று ஃபோம் கடைக்காரர் கேலி செய்வார். பொருத்தம் எட்டு வருடம் தாங்கியது. பெரிய சண்டை எதுவும் இல்லை. "நீங்க இந்த வீட்டை அளந்துகிட்டே இருக்கீங்க, குடியிருக்கலை" என்று அவள் ஒரு நாள் சொன்னாள். அவர் யோசித்துப் பார்த்தார். அளவு சரியாகத்தான் இருந்தது. பிரிந்தார்கள். குடும்ப நீதிமன்றம், குழந்தை அம்மாவிடம் இருக்க வேண்டும், அப்பா மாதாமாதம் இவ்வளவு பணம் கட்ட வேண்டும், ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தை அப்பாவிடம் வரலாம் என்று எழுதிக்கொடுத்தது. பிரிந்த பிறகு ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுவது என்பதுதான் சிக்கலாக இருந்தது. கொஞ்ச நாள் "இந்தாங்க", "கேட்டுச்சா" என்று தடவிப் பார்த்துவிட்டு, கடைசியில் 'பாப்பா அப்பா', 'பாப்பா அம்மா' என்று நிலைத்தது.

முதல் தேதி காலையில் வங்கிக் கதவைத் திறக்கும்போது காலங்குலம் வாசலில் நிற்பார். பணம் கட்டிய சீட்டை நோட்டில் ஒட்டுவார். மூன்று வருடச் சீட்டுகள், ஒன்றுகூடக் கோணலாக இல்லை.

ஞாயிறுகள் பட்டறையில் கழியும். சோபா முதுகில் குழிகுழியாகப் பதிக்கும் துணிப் பொத்தான்களைச் செய்ய, கையால் அழுத்தும் சிறு அச்சுப்பொறி ஒன்று உண்டு. வட்டத் துணியை வைத்து, மேலே தகர மூடியை வைத்து, பிடியை இழுத்தால் டக் என்று ஒரு பொத்தான். ஏழு வயதில் மகள் அந்தப் பிடியில் தொங்கினால்தான் இறங்கும். பத்து வயதில் ஒரு கையால் இழுத்துவிட்டு, மறுகையால் பிஸ்கட் தின்னப் பழகிவிட்டாள். அவளை அவர் நூல்கண்டு என்று கூப்பிடுவார். விட்டால் உருண்டு ஓடிக்கொண்டே இருப்பாள் என்பதால். அவள் அவரை அப்பா என்பாள், கோபம் வந்தால் மட்டும் காலங்குலம் சார் என்பாள்.

இந்தத் தொழிலில் எழுதப்படாத ஒரு முறை உண்டு. முன்பணம் வாங்கிவிட்டு வேலையை முடித்துக் கொடுக்காதவன், அந்த வாடிக்கையாளரின் தெருவில் நடமாட மாட்டான். வேலை முடிகிறவரை சுற்றுவழிதான். பலர் இதை ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். காலங்குலம் நிஜமாகவே நடந்தார். ஒரு டாக்டரின் சாய்வு நாற்காலிக்கு ஸ்பிரிங் வரப் பதினைந்து நாள் தாமதமானபோது, டாக்டர் தெருவைத் தவிர்க்க, எதிர்ச் சந்தில் இருக்கும் பால் கடைக்கு நாலு தெரு சுற்றிப் போய்வந்தார். டாக்டரே ஒரு நாள் எதிரில் வந்துவிட, பக்கத்துத் தையல் கடைக்குள் புகுந்து, வேண்டாத ஒரு ஜிப்பை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

பிறகு அந்த ஹோட்டல் வந்தது. திறக்கப் போகும் பெரிய ஹோட்டல், இருநூற்று இருபது நாற்காலிகளுக்கு இருக்கை. ஊதா நிறம். காலங்குலம் ஃபோமும் ரெக்சினும் கடனில் எடுத்தார், இரண்டு ஆட்களைக் கூடுதலாக வைத்தார், நூற்று நாற்பது இருக்கைகளை முடித்து அடுக்கினார். ஹோட்டல் திறக்கவே இல்லை. முதலாளியின் தொலைபேசி ஒரு வாரம் அடித்தது, அதன் பிறகு அதுவும் இல்லை. நூற்று நாற்பது ஊதா இருக்கைகள் கூரை வரை நின்றன. ஆட்களுக்குச் சம்பளத்தைத் தீர்த்து அனுப்பினார். வாடகை நின்றது. மகளுக்குக் கட்டும் பணமும் நின்றது.

அந்த முதல் தேதி அவர் வங்கி வாசல்வரை போய்த் திரும்பினார். அந்த ஞாயிறு மகளைக் கூட்டிவர அவள் வீட்டுக்கும் போகவில்லை. தர வேண்டியதைத் தராமல் எந்த முகத்தோடு அந்தத் தெருவில் நடப்பது? சுற்றுவழியில் போனார்.

மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். "அப்பா, எப்ப வர்றீங்க?"

"கொஞ்சம் வேலை இருக்குடா நூல்கண்டு."

"என்ன வேலை? பொத்தான் எத்தனை வேணும்? நான் வர்றேன்."

"பொத்தான் இல்லாத வேலை" என்றார். பூட்டிய பட்டறைக்குள் ஊதா இருக்கைகளின் நடுவே உட்கார்ந்துகொண்டுதான் சொன்னார்.

மகளின் அம்மா ஒன்றும் கேட்கவில்லை. ஹோட்டல் விஷயம் அவள் காதுக்கும் வந்திருந்தது. பணம் குறைந்ததால், ஞாயிறு காலைகளில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கும் வேலையையும் சேர்த்துக்கொண்டாள். வீட்டில் தனியாக விட முடியாது என்று மகளையும் கூட்டிக்கொண்டு போனாள். அம்மா உள்ளறையில் பெரியவருக்கு ஊசி போடும்போது, மகள் கூடத்தில் நின்றுகொண்டு சோபாவை ஐந்து முறை அழுத்திப் பார்ப்பாள். "உங்க சோபா வலது மூலையில நாடா போயிடுச்சுங்க. எங்கப்பா சரி பண்ணுவார். இப்ப கொஞ்சம் வேலையா இருக்கார்" என்பாள். இதைக் கேட்டுக்கொண்டே ஊசியை இழுப்பது அவள் அம்மாவுக்குச் சிரமமாக இருந்தது.

ஒன்பதாவது மாதம் ஃபோம் கடைக்காரர் பட்டறைக் கதவைத் தட்டினார். அவருக்குத்தான் எல்லோரையும்விட அதிகம் வர வேண்டும்.

"இப்படியே உக்காந்திருந்தா எனக்கும் வராது, உனக்கும் விடியாது. திவால்னு கோர்ட்ல மனு போடு. இருக்கிறதை வித்துப் பங்கு போட்டுக் கொடுப்பாங்க. மிச்சக் கடனைத் தள்ளுபடின்னு அடிச்சிருவாங்க. நீ திரும்பச் சுத்தியலை எடுக்கலாம்."

"உங்க காசும் போயிடுமேய்யா."

"போறது போகட்டும். நீ இருந்தா நாளைக்கு எங்கிட்டதானே ஃபோம் வாங்குவே? ரொக்கத்துக்கு மட்டும்தான் தருவேன், அது வேற விஷயம்."

மனுவின் படிவத்தை நிரப்ப மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் ஆகும். காலங்குலத்துக்குப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. 'நீங்கள் பணம் தர வேண்டியவர்கள் அனைவரையும் விடாமல் எழுதவும்' என்று அச்சடித்திருந்தார்கள். விடாமல் என்றால் விடாமல்தானே. பத்தொன்பதாவதாக டீக்கடை, மூன்று டீ. முதலாவதாக மகள் பெயர், ஒன்பது மாதத் தொகை. 'எதற்காக' என்ற கட்டத்தில், 'வளர்ப்பதற்கு' என்று எழுதினார்.

எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தபோது மனம் உறுத்தியது. இது அடித்துவிடச் சொல்லிக் கேட்கும் பட்டியல். மகளை எழுதாவிட்டால் பொய்யாகிவிடும், எழுதினாலோ அடித்துவிடுவார்கள். படிவத்தில் அதைச் சொல்ல ஒரு கட்டமும் இல்லை. கடைசியில் ஓரத்தில் ஒரு வரி எழுதினார். துணியில் வெட்டும் இடத்தைக் குறிப்பது போல, கறை தங்கக் கூடாது என்று, பென்சிலால், மெல்லிசாக. குஷன்காரனுக்குப் பேனா என்பது கணக்குக்கு, முக்கியமான குறி எல்லாம் பென்சிலுக்கு.

நீதிமன்ற அலுவலகத்தில் அந்தப் பட்டியலை நகலெடுத்துப் பத்தொன்பது பேருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினார்கள். நகலில் பென்சில் விழவில்லை.

பதினோரு வயதில் மகளுக்குத் தன் பெயருக்கு வந்த முதல் பதிவுத் தபால் அது. தபால்காரர் அவள் பெயரைக் கூப்பிட்டதும் ஓடினாள். அம்மா கையெழுத்துப் போட்டு வாங்க, மகள் பிரித்தாள். 'உங்களுக்குத் தர வேண்டிய தொகையைத் தள்ளுபடி செய்யுமாறு மனுதாரர் கோரியுள்ளார். ஆட்சேபணை இருப்பின் கீழ்க்கண்ட பகுதியை நிரப்பி அனுப்பவும்.' அவள் இரண்டு முறை வாசித்தாள். மனுதாரர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர்.

"அம்மா, எனக்குத் தர வேண்டியதை அடிச்சிடச் சொல்லி அப்பா கேட்டிருக்காரா?"

அம்மா வாங்கிப் பார்த்தாள். முதல் இடத்தில் மகள் பெயர், அடுத்து ஃபோம், அடுத்து ரெக்சின். காகிதத்தை மடித்து வைத்துவிட்டு அடுப்பை அணைத்தாள். அவள் அடுப்பை அணைத்துவிட்டு யோசித்தால் விஷயம் பெரிது என்று மகளுக்குத் தெரியும்.

"அதனாலதான் வராம இருந்தாரா?" என்று கேட்டாள் மகள். "மூணு டீயும் நானும் ஒரே பட்டியலா?"

அம்மா எதையும் சொல்வதற்கு முன் அவள் பென்சில் பெட்டியைத் திறந்தாள்.

விசாரணை நாளன்று காலங்குலம் நீதிமன்ற அலுவலகத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விட்டார். இரண்டாம் மாடியில் நீளமான மேசை, பதினான்கு நாற்காலிகள். மற்றவர்கள் வருவதற்குள் பதினான்கையும் அழுத்திப் பார்த்து, மிக மோசமானதைத் தனக்கு எடுத்துப் போட்டுக்கொண்டார். அடுத்த மோசமானது மனுவை விசாரிக்கும் அதிகாரியுடையதாக இருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஃபோம் கடைக்காரர் வந்தார், இன்னும் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். டீக்கடைக்காரர் வரவில்லை, மூன்று டீக்காகக் கடையை மூட முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். பிறகு கதவு திறந்தது. பள்ளிச் சீருடையில் மகள், கையில் தபால், பின்னால் அவள் அம்மா.

காலங்குலம் எழுந்து நின்றார். ஒன்பது மாதத்தில் மகள் மூன்று விரற்கடை வளர்ந்திருந்தாள். அதை அளக்காமல் அவரால் இருக்க முடியவில்லை. அவளோ அவரைப் பார்க்காமல் மேசையின் மறுகோடியில் போய் உட்கார்ந்தாள்.

அதிகாரி நிதானமான மனிதர். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒரு பக்கம் சரிந்து, பழகிய மாதிரி நிமிர்ந்துகொண்டார்.

"பட்டியல்ல முதல் ஆள் யாருங்க?"

மகள் கையைத் தூக்கினாள். "நான்தான் சார்."

"ஆட்சேபணை நீயே எழுதினியாம்மா?"

"நான்தான். அம்மா பாக்கலை. பிழை இருந்தா என்னோடது."

"பிழை எதுவும் இல்லை. ஆனா, 'உங்களுக்கு வர வேண்டியது' அப்படிங்கற இடத்துல..." கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். "முப்பத்தொன்பது ஞாயிறு."

"ஆமா சார். காலண்டரைப் பாத்து எண்ணினேன்."

"பணம் எழுதலையே?"

"பணம் அம்மாவுக்குத் தெரியும். எனக்கு வர வேண்டியதுதான் நான் எழுதினேன்."

ஃபோம் கடைக்காரர் சிரிக்கத் தொடங்கி, மகளின் முகத்தைப் பார்த்து இருமலாக மாற்றிக்கொண்டார்.

அதிகாரி காலங்குலத்தின் பக்கம் திரும்பினார். "ஏங்க, குழந்தைக்குக் கட்ட வேண்டிய பணத்தைப் போய்த் தள்ளுபடி கேட்டிருக்கீங்களே?"

"தள்ளுபடி கேக்கலைங்க. விடாம எழுதச் சொன்னீங்க, எழுதினேன். வேண்டாம்னு ஓரத்துல எழுதியிருக்கேனே."

"ஓரத்துல ஒண்ணும் இல்லையே."

"பென்சில்லங்க."

அதிகாரி காகிதக் கட்டிலிருந்து அசல் படிவத்தை உருவி எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். "அட!" என்றார். பிறகு காகிதத்தை மேசை மேல் தள்ளினார். அது கை மாறி மாறி மகளிடம் போய்ச் சேர்ந்தது. அவள் மூக்கு படும்படி குனிந்து வாசித்தாள்.

'முதல் வரியை மட்டும் அடிக்க வேண்டாம். இது நிற்க வேண்டும்.'

"யோவ் காலங்குலம்" என்றார் ஃபோம் கடைக்காரர், "கோர்ட்டு காயிதத்துல பென்சிலா? இது என்ன மெத்தை உறையா?"

"பேனாவுல எழுதினா அச்சடிச்ச படிவம் கெட்டுப் போயிடும்னு..."

மகளின் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபமாக வந்தவள், சிரித்ததற்கும் சேர்த்துக் கோபப்பட்டாள். "பாப்பா அப்பா, நானும் ஊசி குத்துறவதான். ஆனா சொல்லிட்டுத்தான் குத்துவேன். ஒரு போன் பண்ணி, 'இப்படி ஒரு தபால் வரும், பயப்படாதீங்க'ன்னு சொல்ல வாயில ஆணியா இருந்துச்சு?"

அவர் தலை குனிந்துகொண்டார்.

அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீங்க எழுதலைன்னாலும் சட்டம் அதையேதான் சொல்லுது. திவாலானா ஃபோம் கடன் போகும், ரெக்சின் கடன் போகும், வாடகை பாக்கி போகும். பிள்ளைக்குத் தர வேண்டியது போகாது. இந்த ஒன்பது மாசப் பாக்கி அப்படியே நிக்கும். இனி வர்ற மாசமும் நிக்கும்."

"போகவே போகாதா?" என்று கேட்டார் காலங்குலம்.

"போகாதுங்க."

"நான் செத்தாத்தான் போகும், இல்லைங்களா?"

"இவ பெரியவளாகுற வரைக்கும் மாசத் தொகை. பாக்கி, கட்டி முடிக்கிற வரைக்கும். தப்பிக்க வழியே இல்லை."

காலங்குலத்தின் முகம் மலர்ந்துவிட்டது. பல வருடமாக அந்த மேசையில் உட்காரும் அதிகாரி, கடன் அழியாது என்று கேட்டு ஒருவர் மகிழ்ந்ததை அன்றுதான் பார்த்தார். தான் ஏதாவது தவறாகச் சொல்லிவிட்டோமோ என்று சட்டப் புத்தகத்தை ஒருமுறை புரட்டிக்கூடப் பார்த்துக்கொண்டார்.

"இன்னொண்ணு" என்றார். "சாமான்களை வித்து வர்ற பணத்துல முதல் பங்கு இந்தப் பொண்ணுக்கு. மத்தவங்க எல்லாம் அப்புறம்தான்."

"வரிசையில பாப்பா எனக்கு முன்னாடியா?" என்றார் ஃபோம் கடைக்காரர். "நியாயம்தான். நான் ஒரு நாற்காலி தள்ளியே உக்காந்துக்கறேன்." சொன்னபடியே எழுந்து தள்ளி உட்கார்ந்தார்.

மகள் இதில் எதற்கும் சிரிக்கவில்லை. பென்சில் வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டே இருந்தாள். "சார், அடிக்க வேண்டாம்னு எழுதினவர், முப்பத்தொன்பது ஞாயிறு ஏன் வரலைன்னு கேளுங்க."

"அது என் அதிகாரத்துக்குள்ள வராதும்மா."

"நான் கேக்கலாமா?"

"கேளு. நான் ஃபைலைப் பாத்துக்கிட்டிருக்கேன்."

அவள் நேராக அப்பாவைப் பார்த்தாள். "ஏன் வரலை?"

ஃபோம் கடைக்காரர்தான் ஆரம்பித்தார். "பாப்பா, எங்க தொழில்ல ஒரு வழக்கம் உண்டு. முன்பணம் வாங்கிட்டு வேலையை முடிக்கலைன்னா அந்தத் தெருப் பக்கம் போக மாட்டோம். தர வேண்டியதைத் தந்துட்டுத்தான் முகத்தைக் காட்டணும். உங்கப்பன் அதை உன் தெருவுக்கும் வெச்சுட்டான்."

மகள் யோசித்தாள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

"நான் என்ன சோபாவா?" என்றாள்.

"இல்லை" என்றார் காலங்குலம். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அந்த நீளமான மேசையைச் சுற்றி மகளிடம் போனார். சுற்றுவழிதான், ஆனால் இந்த முறை அவளிடம் வந்து முடிந்தது. அவள் தன் பக்கத்து நாற்காலியை இழுத்து, உள்ளங்கையால் நடுவில் ஓர் அழுத்து அழுத்திவிட்டு, "உக்காருங்க. இது பரவாயில்லை" என்றாள்.

"பணம் வேற, பிள்ளையைப் பாக்குறது வேறங்க" என்றார் அதிகாரி, ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல். "ஒண்ணு நின்னுபோனா இன்னொண்ணும் நின்னுபோகணும்னு எந்தச் சட்டத்துலயும் இல்லை. அதிகாரத்துக்கு வெளியே சொல்றேன்."

இனி மாதம் எவ்வளவு என்ற பேச்சு வந்தபோது, பழைய தொகையையே கட்டுவேன் என்று காலங்குலம் அடம் பிடித்தார். மகளின் அம்மா விடவில்லை. "வருமானம் குறைஞ்சுபோச்சுன்னு குடும்பக் கோர்ட்டுல சொல்லி, முடியுற தொகையா மாத்தி எழுதி வாங்குங்க. சின்னதா எழுதி மாசாமாசம் கொடுங்க. பெரிசா எழுதிட்டு ஊதா மெத்தைக்குப் பின்னால ஒளியாதீங்க."

"பாக்கி ஒன்பது மாசம்?"

"அது ஒரு பைசா குறையாது. நிக்கணும்னு நீங்கதானே எழுதினீங்க?"

கலையும்போது அவர் அதிகாரியின் பக்கம் போய்த் தயங்கினார். "சார், உங்க நாற்காலியில இடது பக்கம் ரெண்டு நாடா போயிடுச்சு. அரை மணி நேரம் கொடுத்தா..."

"கடனாளிகிட்ட இலவசமா வேலை வாங்கினா என்னை இந்த நாற்காலியில இருந்தே தூக்கிருவாங்க" என்றார் அதிகாரி. "சரிஞ்சே உக்காந்துக்கறேன். போங்க."

ஊதா இருக்கைகள் ஏலத்தில் போயின. எடுத்தது ஒரு தனிப்பயிற்சி மையம். இருக்கை அத்தனை சொகுசு, இரண்டாவது பாடவேளையில் பாதிப் பேர் தூங்கிவிடுகிறார்கள் என்று பிறகு புகார் வந்தது. காலங்குலத்துக்கு அது பாராட்டாகவே கேட்டது. முதல் பங்கில் மகளுக்கு நாலு மாதப் பாக்கி தீர்ந்தது. தொழில் கருவிகளை எடுக்கக் கூடாது என்று சட்டம் இருந்ததால், சுத்தியலும் வளைந்த ஊசிகளும் பொத்தான் அச்சும் அவரிடமே தங்கின. பேருந்துப் பணிமனையில் இருக்கைப் பிரிவில் வேலை கிடைத்தது. மாதத் தொகையும் பாக்கித் தவணையும் சம்பளத்திலேயே பிடித்து நேராக மகளின் அம்மாவுக்குப் போய்விடும். வங்கி வாசலில் நிற்கும் வேலை இல்லாமல் போனதில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் குறை. சம்பளச் சீட்டை அந்தப் பழைய நோட்டில் ஒட்டி ஆறுதல் தேடிக்கொண்டார்.

பணம் வேறு, ஞாயிறு வேறு என்பதை மகள் நன்றாகப் பிடித்துக்கொண்டாள். அதிகாரி சொன்ன கணக்கை அப்படியே தனக்கும் போட்டாள். "நடப்பு ஞாயிறு நடப்பு ஞாயிறுதான். அது பாக்கியில கழியாது. பாக்கிக்குச் சனிக்கிழமை வரணும்."

"சனிக்கிழமை பணிமனை ரெண்டு மணி வரைக்கும்டா."

"மூணு மணிக்கு வாங்க. தவணைதானே."

மூன்று மணிக்கு அந்தத் தெருவின் முனையில் இருந்தே அவர் நடையில் ஓர் அவசரம் தெரியும். பட்டறை இப்போது இல்லை. மகளின் வீட்டுக் கூடத்தில், பொத்தான் அச்சை ஒரு முக்காலி மேல் வைத்துக்கொண்டார்கள். அம்மா ரத்தம் எடுக்கப் போகும் வீடுகளிலிருந்து சின்னச் சின்ன வேலைகள் வந்தன: மகள் அழுத்திப் பார்த்துச் சொல்லி வைத்திருந்த மூலைகள். வருமானத்தை ஒளிக்காமல் அதிகாரிக்கு எழுதி அனுப்பினார், இந்த முறை பேனாவில். சுவரில் காலண்டர் தொங்கியது. ஒவ்வொரு சனிக்கிழமை முடிவிலும் மகள் ஓர் எண்ணை அடிப்பாள், அவர் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அவள் அம்மா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "மூணு டீ கடன் அந்தக் கடைக்கு, இது கணக்குல ஏறாது" என்பாள்.

முப்பத்தொன்பது முப்பத்தெட்டாகி, முப்பதாகி, இருபத்தாறாகியிருந்த ஒரு சனிக்கிழமை. பணிமனையில் ஒரு பேருந்தின் கடைசி இருக்கையில் தையல் ஓரம் சற்றே வளைந்திருந்தது. பிரித்துத் தைத்துவிட்டு ஓடி வந்தார். மூச்சு வாங்கியது. மகள் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சட்டைப் பையில் பென்சில் இருந்தது, ஆனால் வெளியே எடுக்கவில்லை.

"மணி மூணே கால். இன்னிக்குக் கழிக்க மாட்டேன். இருபத்தாறு இருபத்தாறாவே இருக்கும்."

"என்னடா இது அநியாயம்? வெறும் கால் மணி நேரம்தானே?"

"கால் அங்குலம்னா நீங்க விடுவீங்களா, காலங்குலம் சார்?"

உள்ளேயிருந்து மகளின் அம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது. காலங்குலம் யோசித்துப் பார்த்தார். எந்தப் பக்கமிருந்து அளந்தாலும் மகள் சொன்னதுதான் சரியாக இருந்தது.

"விட மாட்டேன்" என்று ஒப்புக்கொண்டார். செருப்பைக் கழற்றி, இரண்டையும் ஒரே நேர்கோட்டில் வைத்துவிட்டு, கணக்கில் ஏறாத அந்தச் சனிக்கிழமைக்குள் நுழைந்தார்.